டொமினிக் ஜீவா

டொமினிக் ஜீவா (சூன் 27, 1927 - சனவரி 28, 2021) ஈழத்தின் குறிப்பிடத்தக்க சிறுகதை எழுத்தாளர்களுள் ஒருவரும் மல்லிகை என்னும் மாத இதழின் நிறுவனரும் ஆசிரியரும் வெளியீட்டாளரும் ஆவார். யாழ்ப்பாணத்தில் 1966 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தொடங்கப்பெற்ற மல்லிகை, இடையிடையே தடைப்பட்டபோதிலும், 2012 வரை 401 இதழ்கள் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் இலக்கிய இதழ்களில் இவ்வளவு நீண்ட காலம் ஒரே ஆசிரியரால் நடத்தப்பட்டது மல்லிகையே எனலாம். ஐந்தாம் வகுப்புடன் பள்ளிப் படிப்பை நிறுத்தி, முடிதிருத்தும் தொழிலைச் செய்துகொண்டே எழுதத் தொடங்கியவர் இவர். தமது தொழிலையோ சாதியையோ இவர் ஒருபோதும் மறைக்கவில்லை. இதழிலும் மேடையிலும் அதனை வெளிப்படையாகவே பேசிவந்தார்.

பிறப்பும் இளமையும்

டொமினிக் ஜீவா யாழ்ப்பாண நகரில் யோசப், மரியம்மா ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். குடும்பம் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தது; பெயரின் முற்பகுதி அதனால் வந்தது. யாழ்ப்பாணச் சமூகத்தில் "பஞ்சமர்" எனக் கூட்டாகக் குறிக்கப்பட்டு ஒடுக்கப்பட்ட ஐந்து சாதியினருள் முடிதிருத்துவோரும் அடங்குவர். கோயில், பொதுக் கிணறு, தேநீர்க் கடை, பள்ளிக்கூட வாங்கு ஆகிய எல்லா இடங்களிலும் இவர்கள் விலக்கி வைக்கப்பட்ட காலம் அது. கிறித்தவர்களாக மாறியவர்களையும் சாதி விட்டுவிடவில்லை.

பள்ளியில் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வைத்து இவரது குலத்தொழிலைச் சுட்டி இழித்துரைத்ததால் மனம் நொந்து படிப்பை இடையில் விட்டதாக ஜீவா தமது தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அதன் பின்னர் அவருடைய கல்விக்கூடமாக அமைந்தது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் ஆகும். முடிதிருத்தும் நிலையங்களில் நாளேடுகளும் வார இதழ்களும் வாங்கி வைப்பது வழக்கம். வாடிக்கையாளர் தமது முறை வரும்வரை அவற்றைப் புரட்டுவர், அரசியல் பேசுவர், ஊர்ச் செய்தி பரிமாறுவர். வேலை இல்லாத நேரங்களில் ஜீவா அவற்றை ஒன்று விடாமல் படித்தார். பிற்காலத்தில் எழுத்தாளர்களும் மாணவர்களும் விரிவுரையாளர்களும் இலக்கியம் பேசுவதற்காகவே அந்தச் சலூனுக்கு வந்து போயினர். ஒடுக்கப்பட்ட ஒருவரின் தொழிற்கூடம் நகரின் இலக்கியச் சந்திப்பிடமாக மாறியமை யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்னர் அரிதாகவே நிகழ்ந்த ஒன்றாகும்.

பெயரும் அரசியலும்

1940களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டபோது தலைமறைவான தலைவர் ப. ஜீவானந்தம் இலங்கைக்கு வந்து சில காலம் தங்கினார். யாழ்ப்பாணத்தில் அவரைச் சந்தித்த இளைஞர்களுள் டொமினிக்கும் ஒருவர். அந்தச் சந்திப்பின் தாக்கத்தால் தம் பெயருடன் "ஜீவா" என்பதை இணைத்துக்கொண்டார். இலக்கியமும் அரசியலும் வேறு வேறல்ல என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியதும் அக்காலத்திலேயே.

1950களில் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முன்னணி உறுப்பினர்களில் ஒருவராக ஜீவா விளங்கினார். கே. டானியல், எஸ். பொன்னுத்துரை, டொமினிக் ஜீவா ஆகிய மூவரும் அக்காலத்தில் நெருங்கிய நண்பர்கள். மூவருமே யாழ்ப்பாணச் சாதியமைப்பின் கொடுமையை எழுத்தில் கொண்டுவந்தவர்கள். எனினும் இந்த நட்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. பொன்னுத்துரை 1960களின் தொடக்கத்தில் சங்கத்திலிருந்து பிரிந்து "நற்போக்கு" என்ற கருத்தை முன்வைத்தார். அதே காலப்பகுதியில் உலகப் பொதுவுடைமை இயக்கம் மாஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு எனப் பிளவுபட்டபோது டானியல் பீக்கிங் அணியிலும் ஜீவா மாஸ்கோ அணியிலும் நின்றனர். ஒரே துயரை எழுதிய மூவர் மூன்று பாதைகளில் சென்றமை ஈழத்து இலக்கிய வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது.

சிறுகதைகள்

ஜீவா முதலில் அறியப்பட்டது சிறுகதை ஆசிரியராகவே. இலங்கை இதழ்களில் எழுதியதோடு, சென்னையிலிருந்து வ. விஜயபாஸ்கரனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த சரஸ்வதி இதழிலும் இவரது கதைகள் வெளியாயின. சரஸ்வதி தன் அட்டையில் எழுத்தாளர்களின் ஒளிப்படங்களை வெளியிடும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. அவ்வாறு அட்டையில் இடம்பெற்ற ஈழத்து எழுத்தாளர்களுள் ஜீவாவும் ஒருவர். இந்த வழக்கத்தைப் பின்னர் தம்முடைய இதழில் ஜீவா மிக விரிவாகக் கையாண்டார் என்பதால் இச்செய்தி இங்கே குறிப்பிடத்தக்கது.

இவரது முதல் தொகுப்பான தண்ணீரும் கண்ணீரும் 1960 இல் வெளிவந்தது. குடிநீருக்காகப் பிறர் கிணற்றடியில் காத்துநிற்க வேண்டிய மக்களின் நிலையைத் தலைப்பே உணர்த்துகிறது. ஆறுகள் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீரே ஒரே ஆதாரம். கிணறு எவருடைய காணியில் உள்ளதோ அவரே தண்ணீரின் உரிமையாளர். சொந்தமாகக் காணி இல்லாத ஒடுக்கப்பட்ட குடும்பங்கள், வேறொருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் நிற்க வேண்டியிருந்தது. இத்தொகுப்பு இலங்கை சாகித்திய மண்டலத்தின் பரிசைப் பெற்றது. தமிழ்ப் படைப்பிலக்கிய நூலொன்றுக்கு அப்பரிசு வழங்கப்பட்டது அதுவே முதல் முறையாகும். சலூனில் வேலை செய்த ஒருவருக்கு அரசின் இலக்கியப் பரிசு கிடைத்தமை அக்காலத்தில் பெரும் பேச்சாயிற்று. பாராட்டியோரும் இருந்தனர், முகஞ்சுளித்தோரும் இருந்தனர். முற்போக்கு எழுத்தாளர்களின் எழுத்தை "இழிசனர் இலக்கியம்" என்று மரபுவாதிகள் சிலர் எள்ளிய காலமும் இதுவே.

அடுத்து வந்த பாதுகை (1962), சாலையின் திருப்பம் (1967), வாழ்வின் தரிசனங்கள் (1982) ஆகிய தொகுப்புகளிலும் செருப்புத் தைப்பவர், சுமை தூக்குவோர், தெருவோரத்தில் வாழ்வோர் முதலிய நகரத்து எளிய மக்களே பெரும்பாலும் கதைமாந்தர். டானியலின் களம் கிராமத்து நிலவுடைமை என்றால் ஜீவாவின் களம் யாழ்ப்பாணப் பட்டினத்தின் தெருக்கள் என்று பொதுவாகப் பிரித்துக் கூறலாம். கதைகள் அளவில் சிறியவை, நேரடியானவை, சில இடங்களில் ஆசிரியரின் குரல் கதைமாந்தரின் குரலை மீறி ஒலிப்பதும் உண்டு. மல்லிகை தொடங்கிய பின்னர் இவர் எழுதிய சிறுகதைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பிறருடைய கதைகளை அச்சேற்றும் வேலை சொந்தக் கதைகளுக்கான நேரத்தை எடுத்துக்கொண்டது என்றே கருத வேண்டியுள்ளது.

மல்லிகையின் தோற்றம்

மல்லிகை தோன்றுவதற்கு முன்னர் ஈழத்தில் இலக்கிய இதழ்கள் இல்லாமல் இல்லை. 1930 இல் தொடங்கிய ஈழகேசரி 1958 வரை வெளிவந்தது. 1940களின் பிற்பகுதியில் மறுமலர்ச்சி வெளிவந்தது. 1958 இல் தொடங்கிய கலைச்செல்வி 1966 அளவில் நின்றது. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே பண நெருக்கடியால் மறைந்தன. மறுபுறம், தமிழ்நாட்டின் வணிக வார இதழ்கள் ஒவ்வொரு வாரமும் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்து குவிந்தன. ஈழத்து வாசகர் அவற்றையே பெரிதும் படித்தனர். உள்ளூர் எழுத்தாளருக்கு உள்ளூரில் களம் இல்லை என்ற குறை 1950களின் நடுப்பகுதி முதல் எழுப்பப்பட்டு, "தேசிய இலக்கியம்" என்ற முழக்கமாக வளர்ந்தது. அந்த முழக்கத்துக்கு க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலிய திறனாய்வாளர்கள் கோட்பாட்டு வலிமை சேர்த்தனர். அதற்கு ஒரு மாத இதழின் வடிவத்தைக் கொடுத்தவர் டொமினிக் ஜீவா.

முதல் இதழ் 1966 ஆகத்தில் வெளியானது. அந்த ஆண்டின் அக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், கோயில்களும் தேநீர்க் கடைகளும் திறக்கப்படவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாண நகரின் நடுவே, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் ஆசிரியராக இருந்து, வேளாளப் பேராசிரியர்களும் கவிஞர்களும் தத்தம் படைப்புகளை அவரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய நிலையை உருவாக்கினார். படைப்பை ஏற்பதா விடுவதா என்ற முடிவு அவருடையதாக இருந்தது. மல்லிகையின் சமூக முக்கியத்துவத்தை அளவிடுவோர் அதன் பக்கங்களில் அச்சானவற்றை மட்டும் நோக்குவது போதாது.

இதழின் முகப்பில் பாரதியாரின் பாடல் அடிகள் தொடர்ந்து இடம்பெற்றன. "மல்லிகை" என்ற மென்மையான பெயருக்கும் இதழின் அரசியல் சார்புக்கும் உள்ள முரண் சிலரால் சுட்டப்பட்டதுண்டு. பெயர் எளிதில் வாயில் நிற்கக் கூடியது என்பது மட்டும் உறுதி. நாளடைவில் ஆசிரியரே "மல்லிகை ஜீவா" என அழைக்கப்படலானார்.

இதழை நடத்திய முறை

மல்லிகைக்குப் பெரும் முதலாளியோ கட்சியோ நிதி வழங்கவில்லை. ஜீவாவே ஆசிரியர், வெளியீட்டாளர், கணக்கர், விநியோகத்தர், விற்பனையாளர். தொடக்கத்தில் சலூனே இதழின் அலுவலகமாகவும் இயங்கியது. பின்னர் யாழ்ப்பாணம் காங்கேசன்துறை வீதியில் தனி அலுவலகம் அமைந்தது. கையால் எழுத்துக் கோத்து அச்சிடும் முறையிலேயே யாழ்ப்பாணக் காலத்து இதழ்கள் உருவாயின. இம்முறையில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி ஈய அச்சாக அறைகளிலிருந்து எடுத்து, வரியாக அடுக்கி, பக்கமாகக் கட்டி, படி எடுத்துப் பிழைதிருத்தி, அச்சான பின்னர் மீண்டும் எழுத்துகளை அறைகளில் பிரித்துப் போட வேண்டும். தமிழில் உயிர்மெய் எழுத்துகள் பல என்பதால் அறைகளும் பல. ஒரு சிற்றிதழுக்கு மாதம் முழுவதும் ஒருவருடைய உழைப்புத் தேவைப்படும். மல்லிகைக்கு ஒரே எழுத்துக்கோப்பாளர் பல்லாண்டுகள் பணியாற்றினார். இதழின் சிறப்புக்கு அவருடைய உழைப்பும் காரணம் என ஜீவா பலமுறை எழுதியுள்ளார். அவரது படத்தை மல்லிகையின் அட்டையிலும் வெளியிட்டார். அச்சகத் தொழிலாளி ஒருவரை அட்டையில் போட்ட இலக்கிய இதழ் தமிழில் வேறு உண்டா என்பது ஐயமே.

விற்பனை முறை தனித்துவமானது. அச்சாகி வந்த இதழ்களைப் பையில் இட்டுத் தோளில் சுமந்து, யாழ்ப்பாணத்தின் தெருக்கள், அலுவலகங்கள், பள்ளிக்கூடங்கள், கூட்டங்கள் எங்கும் ஜீவா நேரில் விற்றார். கொழும்பு, மலையகம், கிழக்கு, தென்னிலங்கை எனத் தொடருந்திலும் பேருந்திலும் பயணம் செய்து சந்தா சேர்த்தார். இலக்கியக் கூட்டம் எங்கு நடந்தாலும் வாசலில் மல்லிகைக் கட்டுடன் அவரைக் காணலாம் என்பது அக்கால நினைவுக் குறிப்புகள் பலவற்றில் வரும் செய்தி. இலவசமாக இதழ் கொடுப்பதை அவர் விரும்பவில்லை. படிப்பவர் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எழுத்தாளரும் இதற்கு விலக்கல்லர். இதனைக் கடுமை எனக் கருதியோரும் உளர். ஆயினும் பல சிற்றிதழ்கள் நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்தே மறைந்துபோன சூழலில், மல்லிகையின் நீண்ட ஆயுளுக்கு இப்பிடிவாதம் முக்கியக் காரணம்.

இதன் இன்னொரு பயன் எழுத்தாளர்களைக் கண்டெடுத்தமையாகும். விற்பனைக்காகச் சென்ற ஊர்களில் எழுத ஆர்வமுள்ள இளைஞர்களைச் சந்தித்து, எழுதத் தூண்டி, அவர்களுடைய முதல் படைப்புகளை வெளியிட்டார். நீர்கொழும்பைச் சேர்ந்த லெ. முருகபூபதி, தென்னிலங்கையின் திக்குவல்லையைச் சேர்ந்த திக்குவல்லை கமால், வடமராட்சியைச் சேர்ந்த தெணியான், கொழும்பைச் சேர்ந்த மேமன்கவி முதலியோர் மல்லிகையுடன் நெருங்கிய தொடர்புடையோர். இவர்களின் ஊர்ப்பெயர்களை நோக்கினாலே, யாழ்ப்பாணத்தில் அச்சான ஓர் இதழ் எவ்வளவு தொலைவு சென்றது என்பது விளங்கும். யாழ்ப்பாண மையப் பார்வை ஈழத்து இலக்கியத்தில் வலுவாக இருந்த காலத்தில், சிங்களப் பெரும்பான்மைப் பகுதிகளில் வாழ்ந்த முசுலிம் இளைஞர்கள் பலருக்கு மல்லிகையே முதல் களமாக அமைந்தது.

உள்ளடக்கம்

சிறுகதை, கவிதை, கட்டுரை, நூல் மதிப்புரை, நேர்காணல், விவாதம் எனப் பலதும் மல்லிகையில் வெளிவந்தன. வாசகர் வினாக்களுக்கு ஜீவா விடையளித்த "தூண்டில்" பகுதி பரவலாகப் படிக்கப்பட்டது. இலக்கியம், அரசியல், தனிவாழ்வு, வம்பு எல்லாம் அதில் கலந்திருந்தன. தலையங்கங்களில் எழுத்தாளரின் உரிமை, நூல் விற்பனை, தென்னிந்திய வணிக இதழ்களின் ஆதிக்கம், இன ஒற்றுமை ஆகியன மீண்டும் மீண்டும் பேசப்பட்டன.

அட்டைப்படம் மல்லிகையின் தனி அடையாளம். திரைப்பட நடிகையரின் படங்களால் வணிக இதழ்கள் விற்பனையான காலத்தில், மல்லிகை ஒவ்வொரு மாதமும் ஓர் எழுத்தாளர், கலைஞர், கல்வியாளர் அல்லது சமூகத் தொண்டரின் படத்தை முகப்பில் தாங்கி, உள்ளே அவரைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டது. தமிழர் மட்டுமன்றி முசுலிம்களும் சிங்கள எழுத்தாளர்களும் அட்டையில் இடம்பெற்றனர். இக்கட்டுரைகள் பின்னர் அட்டைப்பட ஓவியங்கள், மல்லிகை முகங்கள் முதலிய தலைப்புகளில் நூல்களாயின. ஈழத்து ஆளுமைகள் பலரைப் பற்றி அச்சில் கிடைக்கும் ஒரே வாழ்க்கைக் குறிப்பு இதுவாக இருப்பதால், ஆய்வாளர்கள் இவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

சிங்களச் சிறுகதைகளின் தமிழாக்கங்களைத் தொடர்ந்து வெளியிட்டமை மல்லிகையின் மற்றொரு பணி. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் இரு மொழியினருக்கும் இடையே இடைவெளி விரிந்துகொண்டே சென்றது. தமிழ் வாசகர் பலர் சிங்கள அரசியல்வாதிகளின் பெயர்களை அறிந்த அளவுக்குச் சிங்கள எழுத்தாளர்களின் பெயர்களை அறிந்திருக்கவில்லை. இந்நிலையில் மல்லிகை வெளியிட்ட மொழிபெயர்ப்புகள் ஓரளவு பாலமாக அமைந்தன. ஜீவாவின் சிறுகதைகள் சிலவும் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. மலையகம், முசுலிம் எழுத்தாளர், குறிப்பிட்ட ஊர்கள் என்றவாறு சிறப்பிதழ்களும் வெளியிடப்பட்டன. புலம்பெயர்ந்தோர் இலக்கியம் வளர்ந்த பின்னர் 2000 ஆம் ஆண்டில் அவுசுதிரேலியச் சிறப்பிதழ் வந்தது.

போர்க்காலத்தில்

1970களில் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தென்னிந்திய இதழ்களின் வரவு குறைந்தது. உள்ளூர் இதழ்களுக்கு வாசகர் பெருகினர். எனினும் அச்சுத்தாளுக்கும் தட்டுப்பாடு நிலவியதால் இந்த வாய்ப்பு இருபுறமும் கூரான கத்தியாகவே இருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் தமிழ்நாட்டு வார இதழ்கள் மீண்டும் வந்தன. மல்லிகை அந்தப் போட்டியையும் கடந்து நின்றது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. பழைய ஈழத்து இதழ்கள் பல அங்கே அழிந்தன. 1983 சூலை இனவன்முறைக்குப் பின்னர் கொழும்பு, தென்னிலங்கைத் தமிழ் வாசகர்கள் இடம்பெயர்ந்தனர். பலர் நாட்டைவிட்டே சென்றனர். மல்லிகையின் சந்தாதாரர் பட்டியல் சிதறியது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டபோது யாழ்ப்பாண நகரமே போர்க்களமாயிற்று. 1990 இல் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. எரிபொருள், தாள் உட்படப் பல பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து நாளேடுகள் பள்ளிக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாளில் அச்சிடப்பட்ட காலம் அது. கையால் எழுத்துக் கோக்கும் பழைய முறைக்கு மின்சாரம் தேவையில்லை என்பது அந்நாளில் ஒரு வசதியாயிற்று. ஆனால் தாள் இன்றி எதனையும் அச்சிட இயலாது. இதழ்கள் தாமதமாயின, பக்கங்கள் குறைந்தன, சில மாதங்கள் விடுபட்டன.

அதே 1990 அக்டோபரில் வடமாகாண முசுலிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ்-முசுலிம் எழுத்தாளரை ஒரே பக்கங்களில் இணைத்த மல்லிகையின் சொந்த நகரிலேயே இது நிகழ்ந்தது. 1995 அக்டோபர் இறுதியில் இராணுவ நடவடிக்கையின்போது வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். மல்லிகையின் யாழ்ப்பாண வாழ்வு இவ்வாறு முடிவுக்கு வந்தது.

கொழும்பில் மல்லிகை

அறுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில் கொழும்புக்குக் குடிபெயர்ந்த ஜீவா, 1990களின் பிற்பகுதியில் அங்கிருந்து மல்லிகையை மீண்டும் வெளியிடத் தொடங்கினார். கொழும்பு 13, சிறீ கதிரேசன் வீதியில் அமைந்த அலுவலகம் மற்றொரு "ஜோசப் சலூனாக" விளங்கியது. பிற ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த எழுத்தாளர்கள் அங்கு சென்று அவரைச் சந்தித்தனர். ஈய எழுத்துகளின் இடத்தைக் கணினி எழுத்துருக்கள் பிடித்துக்கொண்டன. அச்சுத் தரம் உயர்ந்தது. வெளிநாட்டுச் சந்தாக்களும் வரத் தொடங்கின. எனினும் விற்பனை முறை மாறவில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னரும் தோள்பையுடன் கொழும்பு வீதிகளில் நடந்து இதழ் விற்றார்.

யாழ்ப்பாணத்திலேயே தொடங்கப்பெற்றிருந்த மல்லிகைப் பந்தல் என்னும் பதிப்பகம் கொழும்பில் விரைவாக வளர்ந்தது. ஈழத்து எழுத்தாளர்களின் சிறுகதை, கவிதை, கட்டுரை நூல்கள் பலவற்றை இது வெளியிட்டது. மல்லிகையில் வெளிவந்த சிறுகதைகளுள் தேர்ந்தெடுத்தவற்றை எழுத்தாளர் செங்கை ஆழியான் தொகுக்க, மல்லிகைச் சிறுகதைகள் இரண்டு தொகுதிகளாக 2000களின் தொடக்கத்தில் வெளிவந்தன. ஈழத்துச் சிறுகதையின் வளர்ச்சியை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இவ்விரு தொகுதிகளும் நல்ல தொடக்கமாக அமையும்.

விமர்சனங்கள்

மல்லிகையின் இலக்கியத் தரம் சீரானதன்று என்ற விமர்சனம் பரவலாக உண்டு. புதியவர்களை ஊக்குவிக்கும் நோக்கில் முதிர்ச்சியற்ற படைப்புகளும் வெளியிடப்பட்டன. கட்சி சார்பு காரணமாக அழகியல் புறக்கணிக்கப்பட்டது என்று கருதியோர் வேறு இதழ்களை நாடினர். 1975 இல் யாழ்ப்பாணத்திலேயே தோன்றிய அலை இதழ் இத்தகைய மாற்றுப் போக்கின் வெளிப்பாடாகக் கொள்ளப்படுகிறது. இடதுசாரிகளுள் தீவிரமானோர் எதிர்த்திசையிலிருந்து, மல்லிகை போதிய அளவு போர்க்குணம் கொண்டதன்று எனக் குறை கூறினர். தமிழ்த் தேசியப் போராட்டம் உச்சம் பெற்ற காலத்தில் இன ஒற்றுமையையே ஜீவா வலியுறுத்தியமை தமிழ்த் தேசியவாதிகளுக்கு உவப்பாக இருக்கவில்லை. தம்மைப் பற்றியும் தம் சாதனையைப் பற்றியும் அவரே மிகுதியாக எழுதிக்கொண்டார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. தூண்டில் பதில்களையும் தன்வரலாற்றையும் படிப்போர் இக்குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதன்று என உணர்வர். அதே நேரத்தில், வகுப்பறையிலேயே தாழ்த்தப்பட்ட ஒருவர் தம் பெயரைத் தாமே உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

பரிசுகளும் மதிப்பளிப்புகளும்

சாகித்திய மண்டலப் பரிசைத் தவிர, இலக்கியத்தில் வாழ்நாள் பணிக்காக இலங்கை அரசு வழங்கும் சாகித்திய ரத்னா விருதையும் ஜீவா பெற்றுள்ளார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2013 ஆம் ஆண்டுக்கான வாழ்நாள் சாதனையாளர் இயல் விருதை இவருக்கு வழங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் வழங்க முன்வந்தபோது அதனை ஏற்க மறுத்துவிட்டார். இவரது சிறுகதைகளும் மல்லிகை இதழும் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுப் பொருளாகியுள்ளன.

நூல்கள்

மேலே குறிப்பிட்ட நான்கு சிறுகதைத் தொகுப்புகளோடு, இவரது கதைகளின் பெருந்தொகுப்பு டொமினிக் ஜீவா சிறுகதைகள் என்ற பெயரில் வெளிவந்துள்ளது. அனுபவ முத்திரைகள் இளமைக்கால, இலக்கிய அனுபவங்களைக் கூறும் கட்டுரைத் தொகுதி. ஈழத்திலிருந்து ஓர் இலக்கியக் குரல் நேர்காணல்களின் தொகுப்பு. தலையங்கங்களிலிருந்து தெரிந்தெடுத்தவை தலைப்பூக்கள் என்றும், வினா-விடைகள் தூண்டில் என்றும் நூலாயின. ஐரோப்பியப் பயணம் பற்றிய முப்பெரும் தலைநகரங்களில் 30 நாட்கள் என்பதும் இவருடையதே.

இவரது நூல்களுள் மிகவும் பேசப்பட்டது எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம் என்ற தன்வரலாறு (1999). ஆங்கிலத்திலும் இது மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. யாழ்ப்பாண நகரத்தின் சாதியொடுக்குமுறையை, அதற்கு ஆளானவரே எழுதிய வாழ்க்கை வரலாறு என்ற வகையில் இது சமூகவியல் மாணவர்களுக்கும் பயன்படும். இதன் தொடர்ச்சியாக அச்சுத்தாளினூடாக ஓர் அனுபவப் பயணம் வெளிவந்தது. மல்லிகையை நடத்திய அனுபவங்கள் இதில் விரிவாகக் கூறப்படுகின்றன. சிற்றிதழ் ஒன்றைத் தொடங்க எண்ணுவோர் முதலில் படிக்க வேண்டியது இந்த இரண்டாவது நூலே.

இறுதிக் காலம்

முதுமையின் காரணமாக 2012 இன் இறுதியில் 401 ஆவது இதழுடன் மல்லிகை நின்றது. ஆசிரியப் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கையளித்து இதழைத் தொடரும் ஏற்பாடு நிகழவில்லை. அதற்குள் ஞானம் (2000), ஜீவநதி (யாழ்ப்பாணம், 2007) முதலிய இதழ்கள் ஈழத்தில் வேரூன்றியிருந்தன. டொமினிக் ஜீவா 2021 சனவரி 28 அன்று கொழும்பில் தமது 93 ஆவது வயதில் காலமானார்.

மல்லிகையின் பழைய இதழ்கள் பலவற்றை நூலகம் இணையத் தளம் எண்ணிம வடிவில் பாதுகாத்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கூடியவாறு வெளியிட்டுள்ளது. போரினால் தனியார் சேகரிப்புகளும் பொது நூலகங்களும் அழிந்த நிலையில், பல்வேறு இடங்களில் எஞ்சியிருந்த படிகளைக் கொண்டே இத்தகைய தொகுப்புகள் உருவாகின்றன. யாழ்ப்பாணக் காலத்து இதழ்களின் மின்வருடல்களில் ஈய எழுத்துகளின் தேய்மானமும், தாள் கிடைக்காத ஆண்டுகளில் பயன்பட்ட தாளின் மங்கலும் தெளிவாகத் தெரிகின்றன.